பல் சொல்வது ஒன்று, பிடி சொல்வது வேறு: ஒரு பழைய இரும்பறுக்கும் ரம்பத்தின் நிகழ்வு ஆய்வு

பார்த்தவுடன் யாரும் இதைத் தச்சரின் கைரம்பம் என்றுதான் சொல்வார்கள். செதுக்கிய மூடிய மரப்பிடி, அதில் மூன்று பித்தளை நட்டு, பிடியிலிருந்து மூக்கை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் எஃகுத் தகடு என்று எல்லாமே மர ரம்பத்தின் அங்கங்கள். பற்களைப் பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அவை தச்சுவேலைக்கு ஆகாத அளவுக்குப் பொடிப்பற்கள். போதாததற்கு, மூக்கின் கீழ் மூலையில் துருவும் கறுப்புப் பெயிண்டும் சேர்ந்து இறுகிய ஒரு சின்னக் கட்டி. மர ரம்பத்தில் அந்த இடத்தில் எதுவும் இருப்பதற்கு வழியே இல்லை.

பழைய கருவிகள் சேர்க்கும் நண்பர் ஒருவர், மொத்தமாக வாங்கிய பெட்டிக்குள் இதைக் கண்டு எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு இரண்டு கேள்விகள்: இது எதை அறுக்க? எந்தக் காலத்தது? முதல் கேள்விக்கு ஐயமில்லாத பதில் கிடைத்தது. இரண்டாவது கேள்வியை ரம்பத்தின் மூன்று பாகங்களுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருந்தது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடியோடு சேர்த்து நீளம் 47 செ.மீ.; பிடிக்கு வெளியே தெரியும் தகடு 34 செ.மீ.; அகலம் பிடியருகே 10 செ.மீ., மூக்கில் 5.5 செ.மீ. மைக்ரோமீட்டரில் தகட்டின் கனம் எங்கே பார்த்தாலும் 0.8 மி.மீ. இந்தக் கடைசி அளவு முக்கியம். நல்ல மர ரம்பத்தின் தகட்டைப் பல் விளிம்பில் கனமாகவும் மேல் விளிம்பில் மெல்லியதாகவும் சாணை பிடித்திருப்பார்கள். அறுக்கும் தடத்தில் தகடு சிக்காமல் இருக்க அது உதவும். இந்த ரம்பத்தில் அப்படிப்பட்ட வேலை எதுவும் செய்யப்படவில்லை.

கழுவுவதற்கு முன்

பழைய ரம்பத்தைக் கையில் எடுத்ததும் கம்பித் தூரிகையைத் தேடுகிறவர்கள் அதிகம். பல்லிடுக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்புறம் தேடுவது நல்லது. எதை அறுத்ததோ அதன் மிச்சம் அங்கேதான் தங்கியிருக்கும். மரத்தூள் ஒட்டியிருக்கிறதா, எலும்பின் கொழுப்பு கறுத்துக் கிடக்கிறதா, பித்தளைப் பொடி மின்னுகிறதா என்பதெல்லாம் துருவைச் சுரண்டும் அவசரத்தில் தொலைந்துபோகும்.

இதன் பல்லிடுக்கில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, காந்தத்தில் ஒட்டாத வெள்ளிநிறத் துகள். அலுமினியமாக இருக்கலாம், துத்தநாகமாக இருக்கலாம். மற்றொன்று, சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புபோல் இறுகிய மாவு. இந்த மாவைப் பார்த்ததும் வேலையின் முறையையே மாற்றிவிட்டேன். நெளிதகட்டுக் கூரை போடுகிறவர்கள் அதே ரம்பத்தால் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் அட்டையையும் அறுத்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த மாவு ஆஸ்பெஸ்டாஸ்தானா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். சந்தேகம் வந்த பிறகு உலர்ந்த நிலையில் தேய்ப்பது, ஊதுவது, கிரைண்டர் பிடிப்பது எல்லாம் கூடவே கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை ஈரத்தோடே பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதற்கும் இதே முறைதான் பாதுகாப்பு.

பற்கள்

ஸ்கேலை வைத்து எண்ணினால் இன்ச்சுக்கு 18 பல். (பல் நுனிகளை எண்ணினால் 19 வரும். ஒரு இன்ச்சின் இரண்டு முனையிலும் ஒரு நுனி விழுவதால் பல்லின் எண்ணிக்கையைவிட நுனியின் எண்ணிக்கை எப்போதும் ஒன்று கூடுதல். பழைய ரம்பங்களின் அளவைப் படிக்கும்போது எது எண்ணப்பட்டது என்று கவனிக்காவிட்டால் கணக்கு இடிக்கும்.)

பொதுவான மர ரம்பத்தில் இன்ச்சுக்கு 5 முதல் 12 பல் இருக்கும். இரும்பறுக்கச் சட்டத்தில் மாட்டும் ஹேக்ஸா பிளேடுகள் 14, 18, 24, 32 என்ற வரிசையில் வருகின்றன. ஆகவே 18 என்றவுடன் இரும்பு ரம்பம் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் நுண்ணிய மூட்டுவேலைக்கான சின்ன மர ரம்பங்களிலும் இன்ச்சுக்கு 15 முதல் 20 பல் உண்டு. பல்லின் முகச் சாய்வும் உதவவில்லை. குறுக்கே அறுக்கும் மர ரம்பத்தின் பல் பின்பக்கம் சாய்ந்திருக்கும், பக்கவாட்டில் கத்திபோல் சரிவாக அரம் பட்டிருக்கும். இங்கே பல்லின் முகம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது, சரிவு இல்லை. மர இழையோட்டத்தின் வாக்கில் அறுக்கும் ரம்பத்துக்கும் இரும்பறுக்கும் ரம்பத்துக்கும் இது பொதுவான வடிவம். பல் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

முடிவைச் சொன்னது, பற்கள் வலமும் இடமுமாக விலகியிருந்த விதம். மர ரம்பத்தில் ஒரு பல் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்த்திருப்பார்கள். அதற்கென்று ஒரு கொறடு உண்டு, பல் பல்லாகச் செய்கிற வேலை. இந்த ரம்பத்தை மூக்கிலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பல் விளிம்பு முழுவதும் ஓர் அலைக்கோடு. சில பற்கள் சேர்ந்து படிப்படியாக இடப்பக்கம் போய், திரும்பி வந்து, அதேபோல் வலப்பக்கம் போகின்றன. பொடிப்பல் ஹேக்ஸா பிளேடுகளில் காணும் அமைப்பு இது. கைக்கொறடால் இதைச் செய்ய முடியாது. தொழிற்சாலையில் இயந்திரம் அழுத்தினால்தான் வரும். இன்ச்சுக்கு 14 பல் போன்ற பெரிய பல் பிளேடுகளில் வலம், இடம், நேர் என்று வேறு வரிசை வைப்பார்கள். ஆனால் மெல்லிய தகட்டில் அப்படித் தனியாக விலகி நிற்கும் பல் மாட்டி ஒடிந்துவிடும். அதனால்தான் அலை.

சரி, உலோகத்துக்கான பல் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மர ரம்பத்தின் உடலில் இந்தப் பல் எப்படி வந்தது?

அரம் தந்த முரண்

எஃகின் பதத்தைத் தெரிந்துகொள்ள எளிய வழி, நுண்ணிய அரத்தை யாரும் கவனிக்காத இடத்தில் லேசாக ஒரு இழுப்பு இழுப்பது. உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் மர ரம்பத்தின் தகடு 50-ஐ ஒட்டி இருக்கும். மழுங்கினால் அரம் பிடித்துத் தீட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பதத்தில் நிறுத்துவார்கள். ஹேக்ஸா பல்லின் கடினம் 60-ஐத் தாண்டிவிடும், அரத்துக்குச் சமமாக. அதைத் தீட்ட முடியாது, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

பிடியருகே கடைசிப் பல்லில் அரம் வழுக்கியது. கீறல்கூட விழவில்லை. மேல் விளிம்பில் அதே அரம் வெண்ணெயில் கத்திபோல் இறங்கியது. மர ரம்பத் தகட்டில்கூட இவ்வளவு சுலபமாக இறங்காது. சந்தேகம் தீரத் தகட்டை இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தேன். விட்டதும் முழுதாக நிமிரவில்லை, இலேசான வளைவு மிஞ்சியது. பதமேற்றிய ரம்பத் தகடு துள்ளி நிமிரும், விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். இது ‘டப்’ என்று அடங்கிவிட்டது. உடல் சாதாரண இரும்புத் தகடு, பல் கடின எஃகு.

இந்த முரண் ஒன்றே பல ஊகங்களைத் தள்ளிவிட்டது. யாரோ ஒருவர் பழைய மர ரம்பத்தின் பல்லை அரைத்தெறிந்துவிட்டுப் பொடிப்பல் வெட்டியிருக்கலாம் என்பது நண்பரின் ஊகம். அப்படியானால் பல்லும் உடலும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டிஸ்டன், அட்கின்ஸ் போன்ற ரம்ப நிறுவனங்கள், மர ரம்பத்தின் வடிவத்திலேயே, ஒரே தகட்டில் உலோகம் அறுக்கும் ரம்பங்களையும் செய்திருக்கின்றன. ஒரே பிடியில் மாற்றி மாற்றி மாட்டும் ரம்பத் தொகுப்புகளில் ஆணி அறுக்கும் பிளேடு ஒன்று இருப்பதும் உண்டு. இவற்றில்தான் என் மனம் முதலில் போனது. ஆனால் ஒரே தகட்டில் செய்த ரம்பம் என்றால் உடல் இப்படி மெத்தென்று இருக்காது. தொகுப்பின் பிளேடு என்றால் பிடிக்குள் போகும் முனையில் திறந்த பள்ளம் இருக்கும், தகடும் ஒடுக்கமாக இருக்கும். குழாய் வேலைக்காரர்களின் இருபக்க ரம்பம் என்றால் மேல் விளிம்பிலும் பல் வேண்டும். இறைச்சி ரம்பத்தின் பல் இதைவிடப் பெரியது, அதன் பிளேடு சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, பல் நுனியை மட்டும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சுட்டுக் கடினமாக்கிய இக்கால மர ரம்பம். அதில் பல் நுனிகளில் நீலக்கறுப்பு நிறம் படிந்திருக்கும், கழுவினாலும் போகாது. இதில் அது இல்லை. தவிர, அலை வடிவமும் அந்த ரம்பங்களுக்குரியது அல்ல. மற்றொன்று, பல்லும் உடலும் வேறு வேறு துண்டுகள்.

இரண்டாகப் பிரிந்தது

மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மழுங்கிய பித்தளைத் துண்டால் கீழ் விளிம்பை ஒட்டிச் சுரண்டியபோது ஒரு கோடு தெரிந்தது. பல் நுனியிலிருந்து சரியாக 12.5 மி.மீ. மேலே, பல் விளிம்புக்கு இணையாக, பிடியருகிலிருந்து மூக்குவரை. முதலில் கீறலோ என்றுதான் தோன்றியது. நகம் அதில் மாட்டியது, ஆகவே இடுக்கு.

12.5 மி.மீ. என்றால் அரை இன்ச். சாதாரண கை ஹேக்ஸா பிளேடின் அகலம் அதுதான். அதற்குப் பிறகு எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. பிளேடின் இரு முனையிலும் துளை இருக்க வேண்டும், துளையில் ஊசி இருக்க வேண்டும், ஊசிகளுக்கு இடையே தூரம் 300 மி.மீ. அல்லது 250 மி.மீ. இருக்க வேண்டும். பிடியருகே பெயிண்டை நீக்கியதும் தகட்டின் கீழ் மூலையில் ரிவெட் அடித்த சின்ன இரும்புக் காது வெளிப்பட்டது, அதிலிருந்து ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் இருந்த கட்டியைக் கரைத்துப் பார்த்தால் அது ஒரு சிறு நகரும் கட்டை. அதிலும் ஓர் ஊசி, பக்கத்தில் ஒரு திருகாணி. திருகாணியை முடுக்கினால் கட்டை முன்னோக்கி நகர்ந்து பிளேடை இழுத்துப் பிடிக்கும். வெர்னியரை வைத்தேன். ஊசிக்கு ஊசி 301 மி.மீ. 12 இன்ச் ஹேக்ஸா பிளேடு.

பொருளின் பெயர் அங்கேயே முடிவாகிவிட்டது. இது ஷீட் ஸா, அதாவது தகடு ரம்பம். ஹேக்ஸா பிளேடைச் சட்டத்தில் மாட்டாமல், தகட்டின் கீழ் விளிம்பில் மாட்டிய கருவி.

ஏன் இப்படி ஒன்றைச் செய்தார்கள்

சாதாரண ஹேக்ஸாவில் பிளேடுக்கு மேலே சட்டத்தின் முதுகு ஓடுகிறது. கம்பியையோ குழாயையோ அறுக்க அது தடையில்லை. ஆனால் அகலமான தகட்டின் விளிம்பிலிருந்து உள்நோக்கி அறுத்துப் போனால், சில அங்குலத்திலேயே சட்டம் தகட்டில் இடித்துவிடும். பிளேடைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினால், சட்டத்தின் ஆழத்துக்கு மேல் போகாத ஒடுங்கிய பட்டையை மட்டும் வெட்டி எடுக்கலாம். நடுத்தகட்டில் நீளமான கோடு போட்டு அறுக்க அதனால் ஆகாது.

கத்தரி இருக்கிறதே என்று கேட்கலாம். மெல்லிய சமதளத் தகட்டுக்குக் கத்தரிதான் வசதி. நெளிதகட்டில் மேடு பள்ளத்துக்குக் குறுக்கே கத்தரி போட்டால் நெளிவு நசுங்கும். தகடு கனமானால் கை வலிக்கும், விளிம்பு சுருளும். தகடு ரம்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளேடின் பின்னால் வருவது மெல்லிய தகடு மட்டும் என்பதால், பிளேடு போட்ட தடத்திலேயே உடலும் புகுந்து வந்துவிடும். எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் அறுத்துக்கொண்டே போகலாம்.

இங்கேதான் அந்த 0.8 மி.மீ. அர்த்தம் பெறுகிறது. பழைய பிளேடால் துண்டு அலுமினியத் தகட்டில் அறுத்து, விழுந்த தடத்தை இடைவெளி அளவியால் பார்த்தேன். ஏறக்குறைய 1 மி.மீ. பிளேடின் சொந்தக் கனம் 0.65 மி.மீ.தான். பல் அலையாக விலகியிருப்பதால் தடம் அதைவிட அகலம். உடல் தகடு பிளேடைவிடக் கனம், தடத்தைவிட மெலிசு. இதைவிட மெலிந்தால் தகடு துவளும், இதைவிடக் கனத்தால் தடத்தில் சிக்கும். செய்தவர் இந்த இடைவெளியை அளந்துதான் செய்திருக்கிறார்.

அப்படியானால் மூக்கில் இருக்கும் கட்டையும், பிடியருகே உள்ள காதும் தடத்துக்குள் போகாதே? போக வேண்டிய அவசியமே இல்லை. தகட்டை அறுக்கும்போது ரம்பத்தின் நடுப்பகுதிதான் தகட்டை ஊடுருவி மேலும் கீழும் போகிறது. ஒரு முனை எப்போதும் தகட்டுக்கு மேலே, மறுமுனை கீழே. முனைகள் தடித்திருந்தால் இழுப்பின் நீளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் இதே ரம்பத்தைக் கனமான இரும்புக் கட்டையில் வைத்தால் கதை வேறு. பிளேடின் பெரும்பகுதி கட்டைக்குள்ளேயே இருக்கும், உடல் தகடு இருபக்கமும் உரசும், மூக்கில் இருக்கும் நகரும் கட்டை வந்து முட்டும். ஆக, இதன் அமைப்பே இது தகட்டுக்காகப் பிறந்தது என்று காட்டுகிறது. இரும்பறுக்கும் ரம்பம் என்ற பொதுப் பெயரோடு விட்டிருந்தால் பாதிப் பதில்தான் ஆகியிருக்கும்.

பல்லின் எண்ணிக்கையும் இதற்கு ஒத்துவருகிறது. அறுபடும் கனத்துக்குள் குறைந்தது மூன்று பல்லாவது எப்போதும் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஹேக்ஸா வேலையின் விதி. இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு இரு பல்லுக்கு நடுவே விழுந்து பல்லை ஒடித்துவிடும். இன்ச்சுக்கு 18 பல் என்றால் பல்லுக்குப் பல் 1.4 மி.மீ., மூன்று பல்லுக்கு 4 மி.மீ.க்கும் மேல். கூரைத் தகடு அவ்வளவு கனம் இருக்காது. ஆனால் ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடிக்காமல் தகட்டோடு படுக்கையாகச் சாய்த்தால், அறுபடும் தூரம் நீண்டு, கூடுதல் பற்கள் படும். சட்டம் இல்லாததால் இந்த ரம்பத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சாய்க்க முடியும். பயன்படுத்தியவரும் அப்படித்தான் செய்திருக்கிறார் போல. உடல் தகட்டின் கீழ்ப்பாதியில் இருபக்கமும் நீளவாக்கில், பல் விளிம்புக்கு ஏறக்குறைய இணையாக, உரசல் கோடுகள் ஓடுகின்றன. பெயிண்ட் போயிருப்பதும் அந்தப் பட்டையில்தான்.

மின்சாரக் கைக்கருவிகள் பரவலாகும்வரை கூரை வேலை, காற்றுக்குழாய் வேலை, வாகன உடல் கட்டும் வேலை எல்லாவற்றிலும் இப்படி ஒன்று தேவைப்பட்டிருக்கும். கையடக்க மின்ரம்பமான ஜிக்ஸா 1947-இல் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த வகைக் கருவி எல்லார் கைக்கும் போன பிறகு தகடு ரம்பத்தின் வேலை குறைந்துபோயிருக்கும். இன்று இதை அடையாளம் தெரியாமல் பலர் முழிப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கழுகு முத்திரையும் மரப்பிடியும்

இனி அந்தப் பிடி. மூன்று நட்டுகளில் ஒன்று மட்டும் பெரிது. அதன் முகத்தில் சிறகு விரித்த கழுகு, சுற்றிலும் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்ற எழுத்து. ரம்பத்தைத் தேதியிட விரும்புகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பதக்கத்தைத்தான். அதில் நியாயமும் உண்டு. பிலடெல்பியாவில் 1840-இல் தொடங்கிய டிஸ்டனின் பதக்கங்களில் எழுத்து காலத்துக்குக் காலம் மாறியதால், பதக்கத்தை வைத்தே ரம்பத்தின் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் ‘வாரண்டட் சுப்பீரியர்’ ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல. பல தயாரிப்பாளர்கள் தங்கள் இரண்டாம் தர ரம்பங்களிலும், கடைகளின் பெயரில் விற்கச் செய்த ரம்பங்களிலும் இதே சொற்களை இட்டிருக்கிறார்கள். நீண்ட காலம் புழங்கிய பொதுமுத்திரை. கழுகு இருப்பதால் அமெரிக்கப் பிடியாக இருக்கலாம் என்பதற்கு மேல் எதையும் இதிலிருந்து பிழிய முடியாது.

அதைவிட முக்கியமான கேள்வி, இந்தப் பிடி இந்தத் தகட்டுக்குச் சொந்தமா என்பது. நட்டுகளைக் கழற்றிப் பிடியை உருவியதும் பதில் வந்துவிட்டது. தகட்டில் ஐந்து துளைகள். மரப்பிடியின் மூன்று நட்டுகள் போகும் துளைகளின் ஓரத்தில் பிசிறு அப்படியே நிற்கிறது, கையால் துளைத்தது. மற்ற இரண்டும் விளிம்பு சுத்தமான துளைகள், அவற்றைச் சுற்றிக் கறுப்புப் பெயிண்ட் இல்லாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் வடிவம் மூடிய மரப்பிடியின் வடிவத்தோடு சேரவில்லை. அது சின்னது, நேரான ஓரங்கள் கொண்டது. மரப்பிடியின் பிளவும் 0.8 மி.மீ. தகட்டுக்கு அகலம் அதிகம், இடைவெளியை நிரப்ப மெல்லிய தகரத் துண்டு செருகியிருந்தது. சொந்தப் பிடி உடைந்தோ தொலைந்தோ போக, ஏதோ ஒரு மர ரம்பத்தின் பிடியை யாரோ பொருத்திக்கொண்டிருக்கிறார். நல்ல கைவேலைதான். பிடி இன்றும் ஆடவில்லை.

ஒரு திருகாணியின் சாட்சி

பிடி வந்த வழி அமெரிக்கா என்றால் உடல் எங்கே? அதற்கு உதவியது மூக்கில் இருந்த திருகாணி. வெளி விட்டம் 4.7 மி.மீ.யைச் சற்றே தாண்டுகிறது, இன்ச்சுக்கு 24 புரி (திருகுச் சுற்று). இந்த அளவில் ஒரு பொறி உண்டு. பிரிட்டனின் விட்வொர்த் முறையில் 3/16 இன்ச் திருகாணிக்கும் 24 புரி, அமெரிக்க முறையில் 10-ஆம் எண் திருகாணிக்கும் 24 புரி. விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே: 4.76 மி.மீ., 4.83 மி.மீ. தேய்ந்த திருகாணியில் இந்த வித்தியாசத்தை நம்ப முடியாது.

நம்பக்கூடியது புரியின் கோணம். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த முறையில் கோணம் 55 பாகை, புரியின் முகடு உருண்டையாக இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்தது 60 பாகை, முகடு தட்டை. புரி அளவித் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். 60 பாகைத் தகட்டில் அடியில் ஒளி கசிந்தது, 55 பாகைத் தகடு முழுதாகப் பதிந்தது. திருகாணியைப் பின்னாளில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று நம்பக் காரணம் உண்டு. அதன் தலைப்பள்ளத்தில் இருந்த கறுப்புப் பெயிண்ட், உடலின் பெயிண்டோடு அடுக்குக்கு அடுக்கு ஒத்துப்போனது. நகரும் கட்டையின் உட்புரியும் அந்தத் திருகாணியைத் தவிர வேறு எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆக, உடல் விட்வொர்த் புரி புழங்கிய பட்டறை அல்லது தொழிற்சாலையில் பிறந்தது. பிரிட்டன் என்று சொல்வது இயல்பு. ஆனால் அந்த அளவுமுறை பிரிட்டனோடு வணிகத் தொடர்பு வைத்திருந்த பல நாடுகளிலும் இருந்தது. பிரிட்டன் 1965-இலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது, புதிய வடிவமைப்புகளில் விட்வொர்த் புரி அருகிப்போனது. இதை வைத்து, உடல் அந்த மாற்றத்துக்கு முந்தியது என்று எழுதுவது நியாயமான ஊகம்.

பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஜேம்ஸ் நீல் நிறுவனம் எக்லிப்ஸ் என்ற பெயரில் தகடு ரம்பங்களை விற்றிருக்கிறது. விட்வொர்த் புரியும் ஷெஃபீல்டும் சேர்ந்ததும் நண்பருக்கு ஆசை வந்துவிட்டது, அந்தப் பெயரையே எழுதிவிடலாமா என்றார். எழுதவில்லை. உடல் தகட்டில் முத்திரை இல்லை, பெயிண்டின் அடியில் அரித்த எழுத்தும் இல்லை. பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரு முகத்தையும் முழுதாகப் பார்த்தாயிற்று. ரிவெட்டுகள் ஒரே சீராக இருப்பதும், நகரும் கட்டையின் பள்ளம் இயந்திரத்தில் கடைந்ததுபோல் நேராக இருப்பதும் தொழிற்சாலை வேலையைக் காட்டுகின்றன. எந்தத் தொழிற்சாலை என்று காட்டவில்லை.

பிளேடின் வயதைப் பற்றிப் பேச அதிகமில்லை. கழற்றிய பிளேடின் முதுகில் அரம் பிடிக்கிறது, பல்லில் வழுக்குகிறது. பல் மட்டும் கடினம், முதுகு வளையும் வகை. பக்கத்தில் மங்கலாக ‘12’, ‘18’ என்ற இரண்டு எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பிளேடு தேயத் தேய மாற்றுகிற பொருள். அது கடைசியாக மாட்டியவரின் காலத்தைச் சொல்லுமே தவிர, ரம்பத்தின் காலத்தை அல்ல.

பதிவு

நண்பரின் பதிவு அட்டையில் எழுதியது இது: தகடு ரம்பம், 12 இன்ச் ஹேக்ஸா பிளேடுக்கானது, உடல் விட்வொர்த் புரி முறை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, பிடி பின்னாளில் மாற்றியது, பொதுமுத்திரையுள்ள மர ரம்பப் பிடி, பிளேடு பிந்தைய காலத்தது, பல்லிடுக்கில் ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம், ஈரமாகச் சுத்தம் செய்யப்பட்டது.

புதுப் பிளேடு மாட்டி ஓட்டிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது, இப்படி ஒன்றை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். கைக்குக் கிடைத்த இன்ச்சுக்கு 24 பல் பிளேடை மாட்டியபோது, முதல் சில இழுப்புகள் நன்றாகப் போயின. பிளேடு முழுவதும் உள்ளே இறங்கி, உடல் தகடு தடத்துக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டது. அந்தப் பிளேடு போட்ட தடம் 0.9 மி.மீ. கூட இல்லை. 0.8 மி.மீ. தகட்டுக்கு அதில் மூச்சுவிட இடமில்லை. 18 பல் பிளேடுக்கு மாற்றி, உடலின் இருபக்கமும் மெழுகு தேய்த்ததும் தடையில்லாமல் ஓடியது. இந்த ரம்பத்துக்குப் பிளேடு வாங்கும்போது துண்டுத் தகட்டில் தடம் போட்டு அளந்துவிட்டு வாங்குவதே சரி. முன் திருகாணியையும் பிளேடு நேராக நிற்கும் அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். சட்ட ஹேக்ஸாவைப்போல் இறுக்கினால் மெத்தென்ற உடல் தகடு பக்கவாட்டில் வளைந்து, கோடு கோணலாகப் போகும்.

கழுகுப் பிடியைக் கழற்றி ஒரு மர ரம்பத்துக்கு மாட்டிவிட்டு, இதற்குத் தகுந்த பிடி ஒன்று செய்யலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். தகட்டில் மிஞ்சிய வெற்றிடத்திலிருந்து பழைய பிடியின் வெளிக்கோடு மட்டும்தான் தெரிகிறது. அது மரமா வார்ப்பா, கை எப்படிப் பிடித்தது என்று சொல்லப் போதாது. ஊகித்துச் செய்த பிடியைவிட, வேலைசெய்த ஒருவர் பொருத்திய பிடியே இருக்கட்டும். நட்டுகளை மாட்டி, தகரத் துண்டையும் பழைய இடத்திலேயே செருகித் திருப்பிக் கொடுத்தாயிற்று.